மறதி பொய்யாகாது

2012ஆம் ஆண்டில், படகிற் புறப்பட்டு நடுக்கடலில் தத்தளித்த 40க்கும் மேற்பட்ட ஈழத்தமிழர்களைச் சரக்குக் கப்பலொன்று மீட்டு, துபாயின் ஜெபல் அலித் துறைமுகத்திற்குக் கொண்டுவந்து சேர்த்தது. அவர்களுட் பலரை ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் விசாரித்து, அகதிகளென ஏற்றுக்கொண்டது. அவ்வாறு ஏற்கப்பட்டோரிற் சிலர்கூட 2013இல் நாடுகடத்தப்படும் அபாயத்தை எதிர்நோக்கினர்.

ஆவணங்களைக் கடலிலோ ஊரிலோ விட்டுவந்தவருக்கு அவரது ஞாபகமே சாட்சி. எந்த நாள், எந்த முகாம், எத்தனை தடவை என்ற வினாக்களுக்கு முன்னும் பின்னும் ஒத்த விடை கூறவேண்டும். மனச்சிதைவு நோய்க்கு ஆளானவர் இங்கேதான் இடறுகிறார்.

இந்நோயென்றால் காதில் ஒலிக்கும் குரல்களும் வீண் சந்தேகங்களுமே பலரது நினைவுக்கு வரும். ஆனால் கவனம் சிதறுதலும் ஞாபகம் பிசகுதலும் இதன் கூறுகளே. பெரும்பாலும் இவை குரல்கள் கேட்பதற்கு முன்னரே தொடங்கி, அவை அடங்கிய பின்னரும் நீடிக்கின்றன. நீண்ட கேள்வியின் இறுதியை எட்டுமுன் அதன் தொடக்கம் மறந்துபோகிறது. நிகழ்ச்சிகளின் வரிசை மாறுகிறது. தாம் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, மனதில் எண்ணியது எது எனப் பிரித்தறிவதும் கடினமாகிறது. குரல்களை அடக்கும் மருந்துகள் இக்குறைகளை அதிகம் தீர்ப்பதில்லை. கைநடுக்கத்திற்கெனச் சேர்த்துக் கொடுக்கப்படும் சில மாத்திரைகள் மறதியைக் கூட்டவும் கூடும். ஆயினும் வைத்தியரைக் கேளாது எதனையும் நிறுத்தலாகாது.

இத்தகைய முரண்பாட்டைப் பொய்யெனத் தள்ளிவிடுவது அநீதி. உயர்ஸ்தானிகராலயம் 1979இல் வெளியிட்ட கைந்நூலே இதனை உணர்ந்திருக்கிறது. விண்ணப்பதாரர் உளநோயுற்றவராயின் வைத்திய ஆலோசனை பெறவேண்டும் எனவும், நிரூபிக்கும் சுமையை இலகுவாக்கி, உறவினர், நண்பர் முதலானோரிடமிருந்தும் தகவல் திரட்டலாம் எனவும் அது கூறுகிறது. அது சட்டமன்று, எனினும் சட்டத்தரணி எடுத்துக்காட்டத்தக்க வழிகாட்டி.

ஆகவே, குடும்பத்தார் நோயை மறைத்தலாகாது. மானம் கருதி மூடிவைக்கும் உண்மையே பின்னர் தம் பிள்ளைக்கு எதிராகத் திரும்பக்கூடும். நேர்காணலுக்கு முன்னரே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். கவனமும் ஞாபகமும் எவ்வாறு பாதிக்கப்பட்டுள்ளன என்பதை வைத்தியரின் அறிக்கையில் விபரமாகக் கேட்டுப் பெறுங்கள். சிறு கேள்விகளும் இடையிடையே ஓய்வும் வேண்டுமென எழுத்தில் கோருங்கள். உங்களுக்குத் தெரிந்த திகதிகளை உங்கள் பெயரிலேயே எழுதிக் கொடுங்கள். நோயாளிக்கு மனப்பாடம் செய்விக்காதீர்கள். மனப்பாடம் செய்த கதை முதலாவது குறுக்குக் கேள்வியிலேயே குலைந்துவிடும்.