மலைச்சரிவில் ஒரு கோல்ப் திடல்

பச்சைப் புல்வெளி, சிறு குளம், தூரத்தில் நீலக்கடல்: கோல்ப் திடல் கண்ணுக்குக் குளிர்ச்சியானது. அதனால் என்ன கேடு வந்துவிடும் என்று நம்மில் பலருக்குக் கேட்கத் தோன்றும். திடல் அமையும் இடத்தைப் பொறுத்தே அதற்கு விடை சொல்ல முடியும் என்பது என் கருத்து.

18 குழிகள் கொண்ட ஒரு திடலுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 ஹெக்டர் நிலம் தேவை. மலையில் அவ்வளவு இடம் வேண்டுமானால் காட்டை அழித்து, முகட்டை வெட்டி, அந்த மண்ணால் பள்ளத்தை நிரப்ப வேண்டும். காடு மழைநீரை உறிஞ்சி மெல்ல மெல்ல வெளியிடும்; கட்டையாக வெட்டிய புல்லால் அது இயலாது. நீர் விரைந்தோடும். புல்லுக்கு இட்ட உரமும் களைக்கொல்லியும் அதனுடன் சேர்ந்து வயலுக்கும் கடலுக்கும் இறங்கும்.

சமவெளி குறைந்த ஜப்பானில் இதுவே நடந்தது. 1987-இல் உல்லாசத் தலங்களை ஊக்குவிக்கும் சட்டம் வந்ததும் மலைச்சரிவுகளிலும் கடலோரக் குன்றுகளிலும் புதிய திடல்களுக்குத் திட்டங்கள் குவிந்தன. குடிநீர் கெடும் என்று அடிவாரத்து மக்கள் பல இடங்களில் எதிர்த்தனர். 1990-களில் பொருளாதாரம் சரிந்தபின் பல திடல்கள் நொடித்துப் போயின. வெட்டிய முகடுகளோ திரும்பி வரவில்லை.

நம் பினாங்குக்கும் அந்நிலை வந்திருக்கும். 1990-இல் கொடிமலையில் தங்குவிடுதிகள், பேரங்காடி, கோல்ப் திடல் ஆகியவற்றை அமைக்க ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. ஆயர் ஈத்தாம் அணைக்கும் தண்ணீர்மலை அருவிக்கும் நீர் தருவது அம்மலைதான். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் 'கொடிமலை நண்பர்கள்' என ஒன்றுகூடி எதிர்ப்புத் தெரிவித்தன. திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை ஏற்கப்படவில்லை, திட்டமும் கைவிடப்பட்டது.

என்னைப் பெருமைகொள்ள வைப்பது அடுத்து நடந்ததாகும். 29.4.1993 அன்று உலகக் கோல்ப் எதிர்ப்பு இயக்கம் தொடங்கியது. அதைத் தோற்றுவித்த மூன்று அமைப்புகளில் ஒன்று ஜப்பானையும், ஒன்று தாய்லாந்தையும், மற்றொன்று நம் பினாங்கையும் சேர்ந்தவை. அன்றைய நாள் அப்போது ஜப்பானில் 'பசுமை நாள்' எனக் கொண்டாடப்பட்டது பொருத்தமே.

2021-இல் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. காப்பதற்கு அங்கே காடு எஞ்சியிருந்ததே அன்று குரல் கொடுத்தவர்களால்தான்.

விளையாட்டை நான் வெறுக்கவில்லை. சமநிலத்தில் தாராளமாக ஆடட்டும். மலையுச்சியில் யார் எதைக் கட்டினாலும் அதன் விளைவு அடிவாரத்தில் வாழும் நம் குழாய்க்குத்தான் வரும். ஆதலால், மலையைப் பற்றிய திட்டங்களைப் படித்துக் கேள்வி கேட்பது மாணவர்களாகிய நம் கடமையாகும்.