தீயணைந்த வீட்டில் சுவரைத் தூய்மை செய்தல்

ஒரு வீட்டில் தீ விபத்து நேர்ந்து தணிந்ததும், அக்கம்பக்கத்தார் வாளியும் துடைப்பமுமாக வந்து சுவரைக் கழுவ முற்படுவது வழக்கம். அன்புடன் செய்யும் இவ்வுதவியே சில வேளைகளில் கேட்டினை நிலைபெறச் செய்துவிடுகிறது. கழுவிய நீருடன் கரியும் காரைக்குள் இறங்குகிறது. அதன்மேல் அடித்த வெள்ளையில் சில நாட்களிலேயே பழுப்புக் கறைகள் தோன்றுகின்றன. வெந்து வலுவிழந்த காரையோ வெள்ளைக்குள் மறைந்திருந்து, பின்னொரு நாள் உறங்குவோர் மீது விழக்கூடும். ஆகவே முதலில் சோதனை, அடுத்து உலர் துப்புரவு, இறுதியில் நீர் என்னும் வரிசையை மக்களுக்கு விளக்குவது களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய பணியாகும்.

புகைக்கரியின் இயல்பு

எரிபொருளுக்குப் போதிய பிராணவாயு கிட்டாதபோது, அதிலுள்ள கரி முழுதும் எரியாமல் நுண்துகள்களாக வெளிப்படுகிறது. ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறுகளாக்கினால், அவற்றுள் ஒன்று முதல் ஐந்து கூறு வரையே ஓர் அடிப்படைத் துகளின் குறுக்களவு இருக்கும். இத்துகள்கள் சங்கிலிபோல் இணைந்து, புகையிலுள்ள தார் போன்ற பிசினையும் ஏற்றுக்கொண்டு சுவரில் படிகின்றன.

இதனை வகுப்பறையில் எளிதில் காட்டலாம். மெழுகுவத்திச் சுடரின் நடுவே ஓர் எஃகுக் கரண்டியை இடுக்கியால் பிடித்துக் கரி படியச் செய்து, ஆறியபின் ஒரு துளி நீர் விடுக. தாமரை இலைத் தண்ணீர்போல் அத்துளி ஒட்டாது உருளும். புகைக்கரி நீரை ஏற்பதில்லை என்பது இதனால் விளங்கும். பின்னர், வெள்ளையடித்த ஓட்டுத் துண்டொன்றில் அவ்வாறே கரி படிவித்து, ஒரு பாதியை ஈரத் துணியால் தேய்க்க. மறு பாதியில், பிசைந்த கோதுமை மாவுருண்டையை அழுத்தி எடுக்க. ஈரத் துணி கரியை ஓட்டின் துளைகளுக்குள் பரப்பிவிடும். மாவோ அதன் பெரும்பகுதியைத் தன்னுடன் ஒற்றியெடுத்துவிடும். அமெரிக்க வீடுகளில் நிலக்கரிப் புகை படிந்த சுவர்த்தாள்களைத் துடைக்க 1930-களில் இத்தகைய மாவுப் பசையே விற்கப்பட்டது. 1956-இல் அதுவே 'பிளே-டோ' என்னும் பெயரில் சிறுவர் விளையாட்டுப் பொருளாயிற்று.

சுவரைச் சோதித்தல்

செங்கல் சூளைத் தீயில் வெந்தே உருவாகிறது. ஆதலால் வீட்டுத் தீயை அது பெரும்பாலும் தாங்கிவிடும். காரையும் கான்கிரீட்டும் அத்தகையன அல்ல. சுமார் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பலவகைக் கான்கிரீட்டுகள் இளஞ்சிவப்பாக மாறுகின்றன. சுமார் 450 டிகிரியில், சிமெண்டிலுள்ள நீற்றிய சுண்ணாம்பு நீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. பின்னர் இது காற்றின் ஈரத்தை ஏற்று உப்புகிறது. தீயன்று உறுதியாகத் தோன்றிய பூச்சு பல நாட்களுக்குப்பின் உதிர்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும். கூரையினுள் உள்ள எஃகுக் கம்பியும் 550 முதல் 600 டிகிரி வெப்பத்தில் தன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழக்கும்.

எனவே, சுவர் நன்கு ஆறியபின் மரச் சுத்தியால் மெல்லத் தட்டிப் பார்த்தல் வேண்டும். பொள்ளென்று ஒலிக்கும் பூச்சு சுவரை விட்டு விலகியதாகும். அதனைக் கொத்தி எடுத்துவிடுக. சிவந்த நிறம், ஆழ்ந்த வெடிப்பு, தொய்ந்த கூரை, வெளித்தெரியும் கம்பி ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும், பொறியாளர் பார்வையிடும்வரை எவரும் உள்ளே தங்கலாகாது. மின்னிணைப்பையும் தகுதி பெற்றவர் சோதித்த பின்னரே மீண்டும் கொடுக்க வேண்டும்.

உலர் துப்புரவு

சன்னல்களைத் திறந்து, மூக்கையும் வாயையும் முகமூடியால் நன்கு மூடிக் கொண்டு, கையுறை அணிந்து வேலை தொடங்குக. குழந்தைகளை அருகில் விடலாகாது. மேற்கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி, மென்மையான தூரிகையால் அழுத்தாமல் தட்டுக. எஞ்சிய கரியை உலர்ந்த ரப்பர்ப் பஞ்சாலோ மாவுருண்டையாலோ ஒற்றி எடுக்க. மாவின் புறம் கறுத்ததும் உட்புறத்தை மடித்து வெளிக்கொணர்க.

சுவரின் வகைக்கேற்ற முறை

வெள்ளையடித்த சுவரில் கரி பெரும்பாலும் மேலுள்ள சுண்ணாம்பு அடுக்குகளிலேயே தங்கியிருக்கும். அவற்றைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வெள்ளையடித்தலே சிறந்தது. மண் சுவரைக் கழுவுதல் கூடாது. மேற்பரப்பை மெல்லியதாகச் செதுக்கிவிட்டு, புதுமண் குழைத்துப் பூசுக.

எண்ணெய் வர்ணம் பூசிய சுவரை மட்டும் கழுவலாம். பத்து லிட்டர் வெந்நீரில் கைப்பிடியளவு சலவைச் சோடாவும் சிறிது சவர்க்காரமும் கரைத்துக் கொள்க. புகைப் பிசினில் உள்ள அமிலப் பொருள்களையும் எண்ணெய்ப் பசையையும் சோடாவின் காரம் கரைக்கிறது. சோடா மிகுந்தால் வர்ணமும் இளகிவிடும். கழுவும்போது கீழிருந்து மேல்நோக்கிச் செல்க. மேலிருந்து தொடங்கினால், உலர்ந்த கரிமீது அழுக்குநீர் வழிந்து நீங்காத கோடுகளாகும். ஒவ்வொரு பகுதியையும் நல்ல நீரால் துடைத்து உலரவிடுக.

அதன்பின்னும் மங்கலாகத் தங்கும் கறை, புது வர்ணத்திலுள்ள கரைப்பானில் கரைந்து மேலே வரும். மெத்திலேற்றிய சாராயத்தில் கரைத்த அரக்கு மெருகை ஒருமுறை பூசி, உலர்ந்தபின் வர்ணம் அடித்தால் கறை உள்ளேயே தங்கிவிடும். அச்சாராயம் எளிதில் தீப்பற்றக் கூடியதாதலால், விளக்கோ அடுப்போ அருகில் இருத்தலாகாது.

கறையை அகற்றும் ஆவலில் சலவைத் தூளுடன் அமிலத்தையோ அம்மோனியாவையோ கலத்தல் பேராபத்தாகும். அதனால் எழும் வாயு நுரையீரலைத் தாக்கும்.

கூரை வீடுகளில் தீ மிகுதியாக நேரும் கோடைக்கு முன்னரே, ஆசிரியர்கள் மேற்கண்ட சோதனைகளை மாணவர்களைக் கொண்டு செய்வித்தல் நன்று. வீட்டை இழந்து கலங்கி நிற்போர் எவ்வளவு விரைவாகச் சுவரை வெளுக்கலாம் என்றே கேட்பர். சுவர் உறுதியாக இருக்கிறதா என்பதை முதலில் கேட்கப் பழக்குவதே நாம் அவர்களுக்குச் செய்யக்கூடிய பெரும் உதவியாகும்.