தஞ்சை வயலுக்குள் ஒரு குட்டி அம்மோனியா ஆலை... நடத்துவது யார் தெரியுமா?

மேட்டூர் அணை திறந்து, குறுவை நடவு முடிந்ததும் டெல்டா விவசாயிகளின் அடுத்த கவலை, யூரியா. நேரத்துக்கு மூட்டை கிடைக்காவிட்டால் பயிர் வெளிறிவிடும். 45 கிலோ மூட்டையில் இருக்கும் தழைச்சத்து சுமார் 21 கிலோதான். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தழைச்சத்தான நைட்ரஜன், நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவிகிதம் இருக்கிறது!

பிறகு ஏன் பயிர் பட்டினி கிடக்கிறது? காற்றில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. அதை உடைத்து அம்மோனியாவாக்கினால்தான் பயிருக்குப் பயன்படும். ஆலைகளில் இதற்கு இரும்பு வினையூக்கியும், 400 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல 100 மடங்குக்கு மேல் அழுத்தமும் வேண்டும். 1913-ல் ஜெர்மனியில் ஆலை கண்ட ஹேபர்-பாஷ் முறை இது. இன்றும் யூரியாவுக்கு இதுதான் அடிப்படை.

வேர் முடிச்சில் உலோக ரகசியம்

நடவுக்கு முன் மடக்கி உழும் தக்கைப்பூண்டைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அங்கே குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியாக்கள், வயலின் சாதாரண வெப்பத்திலேயே அம்மோனியா தயாரிக்கின்றன. அவற்றின் கருவி நைட்ரோஜினேஸ் என்ற நொதி. அதன் மையத்தில் 7 இரும்பு, 1 மாலிப்டினம், 9 கந்தகம், நடுவே 1 கார்பன். நைட்ரஜனைப் பிடித்துவைத்து, எலக்ட்ரான்களை ஊட்டி, பிணைப்பை உடைப்பது இந்த உலோகக் கொத்துதான்.

அசோலாவோடு சேர்ந்து வாழும் நீலப்பச்சைப் பாசிக்கும் இதே வித்தை தெரியும். நெல் வயலில் இந்தப் பாசிகளின் பங்கை 1939-லேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதியவர், இந்திய விஞ்ஞானி பி.கே.டே.

ஆய்வகத்தில் காப்பி

2003-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் ரிச்சர்ட் ஷ்ராக், டிமிட்ரி யாண்டுலோவ் இருவரும் மாலிப்டினம் சேர்மம் ஒன்றைக் கொண்டு, அறை வெப்பத்திலேயே அம்மோனியா எடுத்தார்கள். ஆனால், ஒரு மாலிப்டினம் அணுவுக்குச் சுமார் 8 அம்மோனியா மூலக்கூறுகளோடு வேலை நின்றுபோனது. 2019-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் நிஷிபயாஷி குழு, ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து எடுத்து அதை 4,000-க்கு மேல் உயர்த்தியது. இதற்கு சமாரியம் என்ற அரிய உலோகத்தின் சேர்மம் ஏராளமாகச் செலவாவதால், ஆலைக்கு இன்னும் ஒத்துவரவில்லை.

இப்போதைக்கு என்ன வழி?

ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். யூரியாவை முழுதாக விடமுடியாது. ஆனால், கணிசமாகக் குறைக்கலாம். அந்த 45 நாள் ஈரத்துக்குக் கோடை மழையோ, போர்வெல்லோ கைகொடுக்க வேண்டும். காற்றில் நைட்ரஜன் இலவசம்தான். டெல்டாவில் தட்டுப்பாடு, தண்ணீருக்கு!