பெருமாள் மாதமும் மைனஸ் ஒன் கச்சேரியும்

ஆவணி முகூர்த்தங்கள் ஓய்ந்தது முதல் தீபாவளிச் சரக்கு இறங்கும் வரையுள்ள இடைவெளியை நம்மில் பலர் மந்த காலம் என்று கணக்கில் எழுதிவிடுகிறோம். புரட்டாசியில் கல்யாணம் இல்லை, புதுவீடு இல்லை, கறிக்கடையில் கூட்டம் இல்லை. ஆனால் செப்டம்பர் மாதத்துக் காலண்டரைச் சற்றே ஊன்றிப் பார்த்தால், இந்த முப்பது நாட்களில் இருக்கும் விசேஷங்கள் வேறு எந்த மாதத்திலும் இல்லை என்றே சொல்ல வேண்டும். அவற்றுள் சில நம்முடையவை. சில எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவை. எதற்குச் சரக்கு வாங்கி வைப்பது, எதைச் சிரித்துவிட்டு விடுவது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இப்போதெல்லாம் கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகள் வரும்போதே "இன்றைக்கு என்ன தினம் தெரியுமா?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். செப்டம்பர் 13 சாக்லேட் தினமாம். அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற சாக்லேட் முதலாளி 1857-ல் பிறந்த நாள் அது. ஒரு வியாபாரியின் பிறந்த நாளைக் கொண்டாடுவதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதற்காக இரண்டு பெட்டி கூடுதலாக எடுங்கள் என்றால், இந்த ஊர் வெயிலில் அவை இளகிக் கிடந்தால் யார் திருப்பி எடுப்பது?

இதைவிட வேடிக்கை செப்டம்பர் 19. அன்று கடல் கொள்ளைக்காரனைப் போலப் பேச வேண்டுமாம்! 1995-ல் ஜான் பார், மார்க் சம்மர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க நண்பர்கள் விளையாட்டுத் திடலில் கிண்டலாக ஆரம்பித்தது. அதில் ஒருவர், மறக்காமல் இருக்கட்டும் என்று தம்முடைய முன்னாள் மனைவியின் பிறந்த நாளையே தேதியாக வைத்துவிட்டார். 2002-ல் ஒரு பத்திரிகை எழுத்தாளர் இதைப் பற்றி எழுதப்போய் உலகம் முழுவதும் பரவிவிட்டது. கப்பல் என்றால் நமக்கு நினைவு வர வேண்டியது செப்டம்பர் 5. வ.உ.சிதம்பரனார் 1872-ல் பிறந்த நாள். வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, அதற்காகக் கோவைச் சிறையில் செக்கிழுத்தவர். எண்ணெய் வியாபாரம் செய்யும் நாம் அந்த ஒரு நாளையாவது மறக்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் அதை ஆசிரியர் தினமாகக் கொண்டாடிவிட்டுப் போகிறார்கள்.

வெளியிலிருந்து வந்த தினங்களில் நமக்கு உபயோகமானது என்று நான் மதிப்பது செப்டம்பர் 2, உலகத் தேங்காய் தினம். தென்னை விளையும் ஆசிய பசிபிக் நாடுகள் சேர்ந்து 1969-ல் இதே தேதியில் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. அதன் தலைமையகம் ஜகார்த்தாவில் இருக்கிறது. 2009 முதல் அந்த நாளைத் தினமாகக் கொண்டாடுகிறார்கள். காங்கயம் கொப்பரைக் களங்கள் நமக்குக் கூப்பிடு தூரம். 2025-ன் நடுவில் அரவைக் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போனதை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த ஆண்டு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய்தான். சந்தை விலை அதற்கு இரண்டு மடங்கை எட்டியது. அரை லிட்டர் எண்ணெய் வாங்கிய வீடுகள் நூறு மில்லி பாக்கெட்டுக்கு இறங்கின. அப்படிப்பட்ட சமயத்தில் தேங்காய் தினம் என்று பேனர் கட்டுவதைவிட, எது செக்கெண்ணெய், எது கலப்படம் என்று வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்வதே நல்ல கொண்டாட்டம்.

இனி நம்முடைய புரட்டாசி. பல்லடத்துக் கறிக்கோழியும் நாமக்கல் முட்டையும் விலை இறங்கும்போது, நம் கடையில் கோழி மசாலா பாக்கெட் நகராது. அதற்குப் பதில் துவரையும் உளுந்தும் அப்பளமும் ஓடும். திருப்பூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்தாலே எவ்வளவு பச்சரிசி, வெல்லம், நெய், கற்பூரம் போகும் என்று கணக்குப் போட்டுவிடலாம். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் சொல்ல விரும்புவது செப்டம்பர் 17. பெரும்பாலும் புரட்டாசி பிறப்பும் அதே தேதியை ஒட்டித்தான் வருகிறது. பெரியார் பிறந்த நாளும் அன்றுதான். வட மாநிலத் தொழிலாளர்களுக்கு அது விசுவகர்மா பூஜை. நமக்கு ஆயுத பூஜை எப்படியோ அப்படி ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளத்துப் பிள்ளைகளுக்கு அன்று மெஷினுக்குப் பூஜை. நம் பண்டிகைகள் திதியைப் பார்த்து முன்னே பின்னே நகரும். நவராத்திரி 2025-ல் செப்டம்பர் 22-ல் தொடங்கியது, 2026-ல் அக்டோபர் 11. விசுவகர்மா பூஜை மட்டும் தேதி அநேகமாக மாறாது. முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையைச் சுற்றிக் கடை வைத்திருப்பவர்கள் அன்றைக்குக் கடலை மாவு, சர்க்கரை, நெய், ஊதுபத்தி, தேங்காய் ஆகியவற்றை இரண்டு நாள் முன்னதாகவே எடுத்து வைக்கலாம். கடுகெண்ணெய் டின்னும் கெட்டி அவலும் எப்போதும் இருக்கட்டும். கொண்டைக்கடலை, பொரி, பொட்டுக்கடலை என்று ஆயுத பூஜைக்கு மட்டும் கண்ணை வைத்துக்கொண்டு, கைக்கு எட்டும் இந்த வியாபாரத்தை விட்டுவிடுகிறோம்.

2025 செப்டம்பரை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். அந்த ஆண்டு விநாயகர் சதுர்த்தி ஆகஸ்டு 27. அதே நாளில்தான் நம் நாட்டுச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது அமலுக்கு வந்தது. பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை படைத்த கையோடு பனியன் கம்பெனிகளில் ஆர்டர் நின்ற பேச்சு. நவராத்திரி முதல் நாளான செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. குறைப்பு. சோப்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் 18-லிருந்து 5 சதவீதமாகவும், நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5 ஆகவும் இறங்கின. குறையப் போகிறது என்று தெரிந்த உடனே மக்கள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். பழைய விலைச் சரக்கை வைத்துக்கொண்டு நாம் மூன்று வாரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பக்கம் தொழிலாளிக்கு ஓவர்டைம் இல்லை. இன்னொரு பக்கம் நமக்கு ஓட்டம் இல்லை. திருப்பூரில் சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பித்தான் மளிகைக்கடைப் பற்று நோட்டு இருக்கிறது. சம்பளம் மெலிந்தால் நோட்டு தடிக்கும்.

அந்த மாதத்தில்தான் எங்கள் பகுதியில் ஞாயிறுதோறும் கூடிப் பாடும் கரோக்கி அன்பர்களை நான் சற்று நெருங்கிப் பார்த்தேன். அவர்கள் கரோக்கி என்று சொல்வதைவிட 'மைனஸ் ஒன்' என்றுதான் சொல்கிறார்கள். பாடகர் குரலை மட்டும் எடுத்துவிட்டு வாத்தியங்களை வைத்திருக்கும் இசை. முன்பெல்லாம் பிள்ளையார் சதுர்த்திக்கு மெல்லிசைக் கச்சேரி வைக்க வேண்டுமானால் பதினைந்து பேர், ஒரு வேன், முன்பணம், சாப்பாடு. இன்று உருளை வைத்த ஒரு ஸ்பீக்கர், இரண்டு மைக், ஒரு செல்போன் போதும். 2020 ஊரடங்கில் ஸ்மூல் செயலியில் தனித்தனியாகப் பாடிப் பழகியவர்கள் பிறகு நேரில் கூடத் தொடங்கினார்கள். டெய்லர், செக்கிங் வேலை பார்க்கும் பெண்கள், ஓய்வு பெற்ற வாத்தியார், எலக்ட்ரீசியன், நம்மைப் போல் கடைக்காரர் இரண்டு பேர், ஹிந்திப் பாட்டுக்கு ஒடிசாப் பையன் ஒருவன்.

கரோக்கி என்பது ஜப்பானியச் சொல். 'கரா' என்றால் வெற்று. 'ஓக்கே' என்பது ஆர்க்கெஸ்ட்ரா என்பதன் சுருக்கம். வெறும் வாத்தியக் கோஷ்டி என்று பொருள் கொள்ளலாம். இதன் கதை வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1967-லேயே டோக்கியோவில் நெகிஷி ஷிகெய்ச்சி என்ற மின்சாதனத் தயாரிப்பாளர் இப்படி ஒரு பெட்டி செய்துவிட்டார். அவர் 2024-ல் நூறாவது வயதில் காலமானார். ஆனால் பெயர் வாங்கியவர் கோபே நகரத்து இனோவே டைசுகே. மதுக்கடைகளில் வாடிக்கையாளர் பாட, பக்கவாத்தியம் வாசித்துப் பிழைத்தவர். தம்மோடு வெளியூர் வரச் சொன்ன ஒரு கம்பெனி முதலாளிக்குத் தாம் போக முடியாமல், வாசித்து நாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்து பிறந்த யோசனையில் 1971-ல் பதினோரு பெட்டிகள் செய்தார். விற்கவில்லை, கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். நூறு யென் காசு போட்டால் பாட்டு. காப்புரிமை மட்டும் எடுக்கவில்லை. பெரிய கம்பெனிகள் புகுந்து கோடி கோடியாகச் சம்பாதித்தன. பிலிப்பைன்ஸ் நாட்டில் ராபர்ட்டோ டெல் ரொசாரியோ என்பவர் தம் பாட்டுப் பெட்டிக்குக் காப்புரிமை எடுத்து வைத்திருந்தார். வழக்கு நடந்து 1996-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நம் சங்கத்தில் மசாலாப்பொடிக்குச் சொந்தப் பெயர் வைத்து விற்பவர்கள் இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்து யோசிக்க வேண்டும்.

இனோவே வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் கரோக்கிப் பெட்டிகளுக்குள் புகுந்து ஒயரைக் கடிக்கும் கரப்பான்களுக்கு மருந்து விற்றார்! 2004-ல் அமெரிக்காவில் வேடிக்கை நோபல் என்று கொடுக்கிறார்களே, அதில் அவருக்குச் சமாதானப் பரிசு கிடைத்தது. மனிதர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ள ஒரு புது வழியைக் கண்டுபிடித்தாராம். அந்த விழா நடந்ததும் செப்டம்பர் மாதத்தில்தான், 30-ஆம் தேதி.

செப்டம்பர் பாட்டுக்காரர்களின் மாதம் என்பதை இந்த அன்பர்கள் சொல்லித்தான் நான் கவனித்தேன். 8-ஆம் தேதி ஆஷா போஸ்லே பிறந்த நாள். 12, சொர்ணலதா 2010-ல் மறைந்த நாள். 16, எம்.எஸ். அம்மா பிறந்த நாள். 22, பி.பி.ஸ்ரீனிவாஸ் பிறந்த நாள். 28, லதா மங்கேஷ்கர் பிறந்த நாள். இவற்றுக்கு நடுவே 25, எஸ்.பி.பாலசுப்ரமணியம் 2020-ல் நம்மை விட்டுப் போன நாள். அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை அவர் பாட்டு மட்டும்தான். புரட்டாசியில் கறி விருந்து கிடையாது என்பதால் சுண்டல், தயிர்சாதம், சுக்குக் காப்பி.

ஆகஸ்டு கடைசியிலிருந்தே இதன் சத்தம் நம் தராசில் கேட்கும். எங்கள் மண்டியில் சில்லறைக்கும் ஒரு தராசு உண்டு. ஒரு பெண் வந்து, "ஏனுங்க, அதிமதுரம் இருக்குதுங்களா?" என்றாள்.

"ஏனம்மிணி, இருமலா?"

"இல்லீங்க, ஞாயித்துக்கெழமை பாடோணுங்க."

அதிமதுரம், பனங்கற்கண்டு, மிளகு, கிராம்பு, சித்தரத்தை. பெரிய வியாபாரம் இல்லைதான். ஆனால் பத்து நிமிட டெலிவரிக்காரன் இதைப் பற்றி நின்று பேச மாட்டான்.

இந்தக் கூட்டத்துக்கு நம் வியாபாரிகள் நன்கொடை கொடுப்பது பற்றி முணுமுணுப்பு உண்டு. "கடன் பாக்கி வைத்தவன் அங்கே உட்கார்ந்து பாடுகிறான், நாம் அவனுக்குச் சுண்டல் கொடுப்பதா?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் கூட்டத்தில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: கடன் பேச்சும் கட்சிப் பேச்சும் கூடாது. 2025-ல் பற்று ஏறிப்போய், கடைப் பக்கமே வராமல் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போன ஒரு டெய்லரும், அவருக்குக் கடன் கொடுத்த மளிகைக்காரரும் அங்கே ஒரே மைக்குக்குக் காத்திருக்க நேர்ந்தது. மளிகைக்காரர் பேசவில்லை, சுருதி ஒரு கட்டை இறக்கி வைத்துக்கொள்ளும்படி மட்டும் சொன்னார். அடுத்த சனிக்கிழமை அந்த டெய்லர் நூறு ரூபாயோடு கடைக்கு வந்தார். பிறகு ஆர்டர் திரும்பத் திரும்பச் சிறுகச் சிறுக அடைத்தார். ஆள் ஊரை விட்டுப் போயிருந்தால் அந்தப் பாக்கி முழுவதும் வாராக்கடன்தான். நன்கொடையைச் செலவுக் கணக்கில் எழுதுவதா, வசூல் கணக்கில் எழுதுவதா என்பதை அவரவர் தீர்மானித்துக்கொள்ளலாம். நான் கொண்டைக்கடலை கொடுக்கிறேன், பேனர் கேட்பதில்லை. கடை பெயரைப் போட்டால் பாட வருகிறவர்களுக்கு அது கடைக்காரன் கூட்டமாகத் தெரியும்.

கடைசியாகச் சட்டம் பற்றிச் சில வார்த்தைகள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது வரம்பு. ஒலிபெருக்கிக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டு உரிமை விஷயம் வேறு. கட்டணம் வாங்காத பார்வையாளர் முன் பொழுதுபோக்குச் சங்கம் பாடுவதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விட்டுக்கொடுக்கிறது. ஆனால் டிக்கெட் போட்டாலோ, கடைத் திறப்பு விழாவுக்குக் கச்சேரி வைத்தாலோ அந்தச் சலுகை பேசாது. உரிமம் வாங்க வேண்டும். இசைப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு என்பதால் திருட்டு டிராக்கைத் தவிர்ப்பது நல்லது. முறையாக விலைக்குக் கிடைக்கிறது, ஒரு கிலோ பனங்கற்கண்டு விலைகூட ஆகாது.