ஆளில்லாக் கரைக்கு இருவராகப் போகும்போது

காலையில் சிதறால் மலை ஏறிச் சமணச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் தேங்காய்ப்பட்டணம் கடற்கரைக்கு வண்டியை விடுவது குமரி மாவட்டத்து இளம் ஜோடிகளுக்குப் பிடித்த ஒருநாள் பயணம். மலையிலிருந்து பார்த்தால் தெரிகிற குழித்துறைத் தாமிரபரணி, தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில்தான் கடலில் சேர்கிறது. மேலே பாறை, கீழே பொழிமுகம். வீட்டில் பேச முடியாததைப் பேச, நாலு பேர் பார்வை படாமல் கொஞ்ச நேரம் உட்கார, இந்த மாதிரி இடங்களைத்தான் பிள்ளைகள் தேடி வருகிறார்கள். அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் இந்தப் பயணத்தை யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டியிருப்பதுதான் பெரிய ஆபத்து. அலையில் சிக்கினாலும் கயவனிடம் சிக்கினாலும், ‘வீட்டுக்குத் தெரிஞ்சிரும்’ என்ற பயம் உதவி கேட்கவிடாமல் வாயை அடைத்துவிடுகிறது.

முதலில் கடல். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை இழுத்துக்கொண்டது. ஒரு திருமணத்துக்காக நாகர்கோவில் வந்தவர்கள். அதற்கு முந்தின நாள் தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு சிறுமியையும் கடல் கொண்டுபோனது. ஐதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான ‘இன்காய்ஸ்’ அந்த நாட்களுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்திருந்தது.

கள்ளக்கடல் என்பது கேரள, குமரிக் கரை மீனவர்கள் வைத்த பெயர். 2012-இல் யுனெஸ்கோவும் அதை ஏற்றுக்கொண்டது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் புயல்காற்று நீண்ட அலைகளைக் கிளப்பிவிடும். அவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, சில நாள் கழித்து நம் கரையில் ஏறும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. நல்ல வெயிலில், அமைதியாகக் கிடக்கும் கடல் திடீரென்று கரைமேல் ஏறி வரும். பத்து அலை கணுக்காலை நனைத்துவிட்டுப் போகும். பதினோராவது இடுப்புக்கு மேல் வரும். ‘முழங்கால் தண்ணீரில்தானே நிற்கிறோம்’ என்ற கணக்கு இந்த அலையிடம் செல்லாது. இறங்கும்போது அது காலடி மணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

போனதும் தண்ணீரில் இறங்காமல் கால் மணி நேரம் கரையைப் பாருங்கள். ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது, சருகும் பிளாஸ்டிக்கும் எந்தக் கோட்டில் ஒதுங்கிக் கிடக்கின்றன என்று கவனியுங்கள். அலை அதுவரை வந்து போயிருக்கிறது, இன்னும் வரலாம். பையையும் செருப்பையும் அந்தக் கோட்டுக்கு மேலே வையுங்கள், நீங்களும் மேலேயே இருங்கள். இரண்டு பக்கமும் நுரைத்து உடையும் அலைகளுக்கு நடுவே நுரையில்லாமல், கொஞ்சம் கறுத்து, சாதுவாகத் தெரிகிற பாதை இருந்தால் அங்கே இறங்கவே கூடாது. கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் திரும்பி ஓடுகிற வழி அது. அதில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வர வேண்டும். கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களில் ஏறிப் படம் எடுப்பதும் ஆபத்துதான். பாசி வழுக்கும், விழுந்தால் கல்லுக்கும் அலைக்கும் நடுவே மாட்டிக்கொள்வோம். பொழிமுகத்திலோ ஆறும் கடலும் மோதுகிற இழுப்பு. தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் கடலிலேயே வளர்ந்த மீனவர்கள்கூட உயிரை விட்டிருக்கிறார்கள்.

ஜோடியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. ஒருவரை அலை இழுத்ததும் மற்றவர் யோசிக்காமல் குதித்துவிடுகிறார். அன்பில் செய்வதுதான், ஆனால் இரண்டு உயிரும் போகிறது. குதிக்காமல் கத்துங்கள். கயிறோ, துப்பட்டாவோ, மூடி போட்ட காலி கேனோ, மிதக்கிற எதையாவது வீசுங்கள். ஊரைக் கூப்பிடுங்கள், 112-க்கும் கடலோரக் காவல் எண்ணான 1093-க்கும் அடியுங்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்கே தடை. அந்த மாதங்களில் கால் நனைக்கும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. மற்ற நாட்களில் வலை உலர்த்திக்கொண்டிருப்பவரிடம் ‘அண்ணே, இண்ணைக்குக் கடல் எப்படி?’ என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கடலோர ஊர்க்காரரைப் பார்த்துப் பயந்து ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அலையில் சிக்கியவரைத் தூக்க முதலில் ஓடி வருவது அந்த மனிதர்தான். கூப்பிட்டால் ஊருக்குக் கேட்கிற தூரத்தில் உட்காருங்கள்.

அடுத்து ஆள். 2022-இல் ராமநாதபுரம் மாவட்டம் மூக்கையூர் கடற்கரைக்குக் காதலனோடு போன பெண்ணுக்கு நேர்ந்த கூட்டு வன்கொடுமையும், 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த பாலியல் தாக்குதலும் தமிழ்நாடு அறிந்தவை. பல்கலைக்கழக வழக்கில் குற்றவாளி கையாண்ட முறையை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். இருவர் தனியாக இருந்ததை வீடியோ எடுத்துவிட்டதாகச் சொல்லி, வெளியே விட்டுவிடுவேன் என்று மிரட்டி, ஆணை விரட்டிவிட்டுப் பெண்ணைத் தாக்கினான். அந்தப் பெண் பயத்தை மீறிப் புகார் கொடுத்தார். ஆறு மாதத்துக்குள், 2025 ஜூன் 2 அன்று, அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது, குறைந்தது 30 ஆண்டு வெளியே வர முடியாதபடி. புகாரின் முதல் தகவல் அறிக்கை கசிந்து அவருடைய அடையாளம் வெளிப்பட்டபோது, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

இதே தந்திரத்தின் சின்ன வடிவம்தான் கரையோரங்களில் அடிக்கடி நடக்கிறது. இரண்டு பேர் பைக்கில் வந்து நிற்பார்கள். ‘எந்த ஊரு? அப்பனுக்க நம்பரு தா’ என்பார்கள். பிறகு பேச்சு மெதுவாக ஜிபேக்குத் திரும்பும். ஒரு முறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பார்கள். இது பாரதிய நியாய சன்ஹிதா 308-ஆம் பிரிவின்படி மிரட்டிப் பணம் பறித்தல், 7 ஆண்டு வரை சிறை. வழியை மறித்தால் அது தனிக் குற்றம், பெண்மீது கைவைத்தால் இன்னும் பெரிய குற்றம். அங்கேயே சண்டைக்கு நிற்க வேண்டாம், ஆள் இருக்கும் பக்கம் நகருங்கள். வேறு வழியில்லாமல் பணம் அனுப்பிவிட்டால் அந்தப் பரிவர்த்தனைப் பதிவை அழிக்காதீர்கள். வாங்கியவனின் பெயரும் எண்ணும் அதில் இருக்கும், அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இனி, ‘நீங்க இங்க இருக்கலாமா?’ என்ற கேள்வி. 18 வயது நிறைந்த இருவர், தாலி கட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும், கடற்கரையிலோ மலையிலோ சேர்ந்து உட்காருவதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை. நடிகை குஷ்பு மீது தமிழ்நாட்டில் போடப்பட்ட வழக்குகளை ரத்து செய்த 2010 தீர்ப்பிலேயே, திருமணமாகாமல் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கோவை விடுதி ஒன்றுக்குச் சீல் வைத்த வழக்கில், மணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவது குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் சொன்னது. பொது இடத்தில் பிறருக்குத் தொந்தரவாகும் ஆபாசச் செயலுக்கு அதே பாரதிய நியாய சன்ஹிதாவில் 296-ஆம் பிரிவு இருக்கிறது. 3 மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். கைகோத்து நடப்பதோ தோளில் சாய்வதோ அதற்குள் வராது.

ஒருவருக்கு 18 நிறையவில்லை என்றால் நிலைமையே வேறு. அங்கே சிறாரைக் காக்கும் போக்சோ சட்டம் வந்துவிடும், சம்மதம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

கேட்பது போலீஸ் என்றால்? பெயரையும் ஊரையும் மரியாதையாகச் சொல்லுங்கள், அடையாள அட்டையைக் காட்டுங்கள், அவருடைய பெயரையும் காவல் நிலையத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், பணம் கொடுக்காதீர்கள். சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்ய மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் பெண் அதிகாரியும் வேண்டும். வதோதராவில் 2001-இல் ஒரு ஜோடியை மறித்து மிரட்டிக் கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்ட மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவரின் பணிநீக்கம் சரியே என்று 2022 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒழுக்கக் காவல் போலீசின் வேலை இல்லை என்றும் சொன்னது. ஆனால் கடல் எச்சரிக்கை நாளில் ‘எழும்பிப் போங்க’ என்று விரட்டுகிற காவலரோடு உரிமை பேசக் கூடாது. அவர் காப்பாற்றுவது உங்கள் உயிரை.

போலீஸ் இல்லாத மற்ற யாருக்கும் உங்களைக் கேள்வி கேட்கும் அதிகாரமே கிடையாது. ‘பொம்பளப் பிள்ளைக்கு இந்த மலையில என்ன வேல?’ என்று சிதறாலில் கேட்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே, ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், குரத்திகள் என்ற சமணப் பெண் துறவியர் வாழ்ந்து, பகவதிக்குப் பொன் கொடுத்ததைக் கல்வெட்டிலேயே பொறித்திருக்கிறார்கள். பெண்கள் ஏறி இறங்கிய மலை அது. அங்கே போகும் ஜோடிகளிடமும் ஒரு வேண்டுகோள். பாறையில் பெயரைக் கீறாதீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆயிரம் ஆண்டு தாண்டி நிற்கும் கல்லைக் கெடுக்க நமக்கு மனசும் வரக் கூடாது.

கிளம்பும்போது நம்பிக்கையான ஒரே ஒரு ஆளிடம், ஒரு தோழியோ அக்காவோ போதும், எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டு வாட்ஸ்அப்பில் லொகேஷனைப் போட்டுவையுங்கள். மிரட்டுகிறவன் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் உங்கள் ரகசியம். ஒருவருக்குத் தெரிந்துவிட்டாலே அது பாதி மழுங்கிவிடும். இருட்டும் முன் கிளம்பிவிடுங்கள். சாதி மாறிய காதலால் வீட்டிலிருந்தே ஆபத்து என்றால், அப்படிப்பட்டவர்களுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப் பிரிவு அமைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டிருக்கிறது. காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

நடக்கக் கூடாதது நடந்துவிட்டால், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ‘எங்க எல்லையில்ல’ என்று திருப்பி அனுப்பக் கூடாது, ஜீரோ எஃப்ஐஆர் போட்டு உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். பெண்கள் உதவிக்கு 181, படமோ வீடியோவோ இணையத்தில் வந்துவிட்டால் 1930. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே தனிக் குற்றம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100-ஐ அழைத்தால் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார், பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. புகாரில் நேரம், இடம், வண்டி எண், அவர்கள் பேசிய வார்த்தைகள் அப்படியே, பணம் போன எண் எல்லாவற்றையும் எழுதுங்கள். கொடுத்ததும், புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எஃப்ஐஆர் போட்டால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். நிலையத்தில் வாங்க மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள், அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போடலாம்.