கூடும் தெருவும் முடியும் தெருவும்

ஓர் ஊர் வளர்கிறது என்று எப்பொழுது சொல்கிறோம்? வீடுகள் பெருகி, வீதிகள் நீளும்பொழுது அவ்வாறு சொல்வது வழக்கம். ஆயினும் ஒரு வீதி எவ்வளவு நீண்டது என்பதைக் காட்டிலும், அது எத்தனை வீதிகளோடு கூடுகிறது என்பதே ஊர் வாழ்வுக்கு முக்கியமானது. இவ்வுண்மையைத் திருகோணமலை நன்கு விளக்குகிறது.

ஒருபுறம் கோணேசர் மலையும் பிரெடரிக் கோட்டையும், மறுபுறம் உட்துறைமுகமும் இருக்க, கடலிடையே ஒடுங்கிய நிலத்தில் பழைய நகர் அமைந்தது. இடம் சிறிது, ஆதலின் தெருக்கள் நெருங்கி ஒன்றையொன்று குறுக்கிட்டன. அத்தகைய தெருக்களில் ஒரு வழி அடைபட்டால் மறுவழி உண்டு. கடையும் கோயிலும் பாடசாலையும் நடைதூரத்திலேயே அமையும்.

1927இல் புகைவண்டி வந்தது. கடற்படைத் தளம் 1957இல் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. காலப்போக்கில் நகரம் வடக்கே உப்புவெளி, நிலாவெளிப் பக்கமாகவும், கண்டி வீதி வழியே சீனக்குடாப் பக்கமாகவும் பரவியது.

பெருவீதியோரமாக ஊர் பரவும்பொழுது நிகழ்வது யாது? ஒருவர் தம் காணியைப் பிரித்து, நடுவே ஓர் ஒழுங்கை விடுகிறார். அது அவருடைய எல்லை வேலியோடு முடிகிறது. அடுத்த காணிக்காரரும் அவ்வாறே செய்கிறார். வேலிக்கு அப்பால் இருக்கும் வீட்டுக்குப் போக, பெருவீதிக்கு வந்து சுற்ற வேண்டியதாகிறது. நடப்பவர் குறைகின்றனர், வாகனங்கள் பெருகுகின்றன, அத்தனையும் ஒரே வீதியில் நெருக்குண்கின்றன. 1975இன் பின் உலகெங்கும் தெருக்களின் இணைப்பு குறைந்து வந்துள்ளதென 2020இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. வீடு இடிந்தால் வேறு வீடு கட்டலாம். தெருவின் போக்கோ பல தலைமுறைக்கு மாறாது.

இணைப்பின் அருமையைக் கிண்ணியா மக்கள் அறிவர். கடல்நீர் குறுக்கிட்டதால் அவர்கள் நெடுங்காலம் படகுப்பாதையை நம்பியிருந்தனர். இன்றேல் தரைவழியே வெகுதூரம் சுற்றவேண்டும். 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளப் பாலம் அக்குறையைத் தீர்த்தது. ஆனால் அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், புதுப் பாலத்துக்கான வேலை நடந்த காலத்தில், 2021 நவம்பர் 23ஆந் திகதி படகுப்பாதை கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். ஒரே ஒரு வழியை நம்பியிருப்பது எத்துணை ஆபத்தானது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பாலத்துக்குப் பெருஞ் செலவாகும். ஓர் ஒழுங்கையை அடுத்த ஒழுங்கையோடு இணைக்க, காணி பிரிக்கும் நாளில், சில முழ நிலமே போதும். வீடுகள் எழுந்தபின்னரோ அச்சில முழமும் கிடைப்பது அரிது. ஆகவே வரைபடத்தில் கோடிடும் நாளிலேயே, இத்தெரு எங்கே முடியும் என்று மட்டும் எண்ணாது, எதனோடு கூடும் என்றும் கேட்பது நகர் வளர்ப்போர் கடமையாகும்.