வீட்டு இணையமும் இரண்டாவது திறப்பும்

வீட்டுக்கு இணைய இணைப்பு எடுக்கும்போது கூடவே ஒரு சிறு பெட்டியும் வந்து சேர்கிறது. றவுட்டர் என நாம் அழைக்கும் இப்பெட்டியே வீட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையிலுள்ள வாசல். அதன் திறப்பு நமது கையில் மட்டுமே உள்ளதென எண்ணுகிறோம். உண்மை அதுவல்ல. வெளியிலிருந்தும் இவ்வாசலைத் திறக்க வழியுண்டு. இதனைத் தொலை முகாமைத்துவம் என்பர்.

இது இருவகைப்படும். ஒன்று, இணைப்பு வழங்கும் நிறுவனம் தன் இடத்திலிருந்தே பெட்டியைச் சீர்செய்வது. இதற்கான ரி.ஆர்-069 என்னும் பொதுநெறி 2004 இல் வெளியானது. திருத்துநர் வரும்வரை காத்திராமலே பல குறைகள் இதனால் நீங்குகின்றன. பாதுகாப்புத் திருத்தங்களும் இவ்வழியே வரலாம். மற்றையது, வீட்டுக்காரர் வெளியிடத்திலிருந்து பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறப்பது. பெரும்பாலான வீடுகளுக்கு இது தேவையற்றது.

காவலற்ற வாசல் என்ன செய்யும் என்பதை ஜேர்மனி கண்டது. 2016 நவம்பர் 27 அன்று டொய்ச்ச ரெலிகொம் நிறுவனத்தின் ஏறத்தாழ 9 இலட்சம் வாடிக்கையாளரின் இணைப்புகள் பாதிக்கப்பட்டன. இணையத்துடன் பலருக்குத் தொலைபேசியும் தொலைக்காட்சியும் நின்றன. ரி.ஆர்-069 பயன்படுத்தும் 7547 ஆம் இலக்க வாயிலை, 'மிராய்' வகை நச்சுநிரல் ஒன்று உலகெங்கும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பெட்டிகளுள் அதனால் புக முடியவில்லை. ஆனால் தட்டியதிலேயே அவை செயலிழந்தன. நிறுவனத்துக்கு மட்டும் திறந்திருக்க வேண்டிய வாயில் உலகம் முழுவதற்கும் திறந்திருந்தது. வாடிக்கையாளர் செய்த பிழை எதுவுமில்லை.

அதே ஆண்டில் பரவிய மூல மிராய் நிரல், தொழிற்சாலையில் இட்ட பெயர்களும் கடவுச்சொற்களுமாக 60 இற்கு மேற்பட்ட சோடிகளை வைத்துக்கொண்டே பல இலட்சம் கருவிகளைக் கைப்பற்றியது. கடவுச்சொல்லை மாற்றாதிருப்பது, திறப்பைப் படலையிலேயே தொங்கவிடுவதற்குச் சமம்.

நாம் செய்யக்கூடியவை சிலவே:

1. பெட்டியில் ஒட்டியுள்ள தாளிலுள்ள முகவரியை (பல பெட்டிகளில் 192.168.1.1) வீட்டுக் கணனியில் இட்டு அமைப்புப் பக்கத்தைத் திறந்து, கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

2. 'றிமோற் மனேஜ்மென்ற்' என்ற பகுதி திறந்திருப்பின் மூடிவிடுங்கள்.

3. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பெற்றோரின் பெட்டியைக் கவனிக்க வேண்டுமாயின், வி.பி.என். எனப்படும் பாதுகாக்கப்பட்ட தனிவழியை அமைத்துக்கொள்வதே நன்று.

4. நிறுவனத்துக்குரிய ரி.ஆர்-069 அமைப்பைக் கேட்டறியாமல் மூடாதீர்கள்; திருத்தங்களும் நின்றுவிடக்கூடும்.

ஆயினும் முழுச் சுமையையும் வீட்டுக்காரர் தலையில் ஏற்றுவது நியாயமன்று. எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல்லை இட்டு விற்பதைப் பிரித்தானியா 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடுத்துள்ளது. நாமும் நமக்கு இணைப்புத் தருவோரிடம் கேட்போம்: எங்கள் வீட்டின் இரண்டாவது திறப்பு யாரிடம் இருக்கிறது? அதை எவ்வாறு காக்கிறீர்கள்? மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் எவருக்கும் இதைக் கேட்கும் உரிமை உண்டு.